மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும்: கேசியோ சிடி-எஸ்300

கீபோர்டு விற்கும் கடைக்குள் நுழைந்தால் முதலில் நடப்பது, விற்பனையாளர் டெமோ பட்டனைத் தட்டுவது. டிரம்ஸும் டிரம்பெட்டும் சேர்ந்து கடை அதிரும். கூடவே கணக்கு வரும்: இதில் 400 டோன், அதில் 600 டோன், ரிதம் மட்டும் இத்தனை. பிள்ளையைக் கையில் பிடித்தபடி நிற்கும் அப்பா, எண்ணிக்கை எதில் அதிகமோ அந்தப் பெட்டியைக் காட்டிப் பணம் கட்டிவிடுவார். வீட்டுக்கு வந்தபின் அந்த அறுநூறில் புழங்கப்போவது பியானோ, ஆர்கன், வயலின், புல்லாங்குழல் என்று ஒரு கைக்குள் அடங்கிவிடும். மிச்சமெல்லாம் முதல் வாரத்து விளையாட்டு. ஹெலிகாப்டர் சத்தம், கைதட்டல் சத்தம் என்று தேடித்தேடிப் போட்டுச் சிரித்து முடித்ததும் அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள்.

கேட்கவேண்டியவை வேறு இரண்டு. கட்டையை மெல்லத் தொட்டால் மெல்லவும் ஓங்கி அடித்தால் உரக்கவும் ஒலிக்குமா? ஹெட்போன் மாட்டினால் அந்த வித்தியாசம் முழுதாகக் காதில் விழுமா? பெட்டியின் மேல் இவை இரண்டையும் தனித்தனி வசதிகளாக அச்சிட்டிருப்பார்கள். கொஞ்ச காலமாக இந்த கேசியோ சிடி-எஸ்300-ஐ வீட்டில் வைத்து வாசித்துவருகிறேன். ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிப் பயன்தான் தருகிறது என்பது என் முடிவு. இந்த விமர்சனமும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முதலில் கருவி. கேசியோ நிறுவனம் 1980இல் கேசியோடோன் 201 என்ற கீபோர்டோடு இசைக்கருவிச் சந்தைக்குள் வந்தது. நடுவில் கைவிட்டிருந்த அந்தக் கேசியோடோன் பெயரை 2019இல் மறுபடி எடுத்து, எடை குறைந்த ஒரு வரிசைக்குச் சூட்டியது. அதில் ஒன்று இது. ஐந்து ஸ்தாயிக்கு 61 கட்டைகள், எல்லாம் முழு அளவு. நீளம் 93 சென்டிமீட்டர், அகலம் 26-க்கும் குறைவு, எடை 3.3 கிலோ. பின்புறத்தில் உடம்போடு சேர்ந்தே ஒரு கைப்பிடி உண்டு. ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறலாம், கட்டில்மேல் வைத்து வாசிக்கலாம், அலமாரியில் செங்குத்தாகச் செருகிவிடலாம். அடாப்டரில் ஓடும், ஆறு டபுள்-ஏ செல்லிலும் ஓடும். கரண்ட் போன நேரத்திலும் பயிற்சி நிற்காது.

இதற்குச் சிடி-எஸ்200 என்று ஒரு தம்பி உண்டு. உருவம் ஏறக்குறைய அதேதான், விலை சற்றுக் குறைவு. ஆனால் அதில் தொடு உணர்வும் இல்லை, சுருதி வளைக்கும் சக்கரமும் இல்லை. கடையில் “ஆரம்பத்துக்கு இது போதும் சார்” என்று தள்ளிவிடப் பார்ப்பது பெரும்பாலும் அந்த வகைக் கீபோர்டைத்தான். போதாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் கட்டைக்கு அடியில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் பட்டையில் இரண்டு கரித்தொடுப்புகள் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பலகையைத் தொடாது. கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று தொடும், ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி கழித்து அடுத்தது தொடும். ஓட்டப்பந்தயத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆகும் நேரத்தைக் குறிப்பதுபோல, உள்ளேயிருக்கும் சிப் அந்த இடைவெளியை அளக்கிறது. இடைவெளி குறைந்தால் விரல் வேகமாக வந்திருக்கிறது என்று பொருள்; சத்தத்தைக் கூட்டும். ஆக, இது அளப்பது அழுத்தத்தை அல்ல, வேகத்தை. ஒலி கிளம்பிய பிறகு கட்டையை எவ்வளவு அமுக்கினாலும் எதுவும் மாறாது. இது புரியாமல் விரலை வலிக்க வலிக்க அழுத்தும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விரல் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரை ஓர் எண் கொடுக்கும் முறை, 1983இல் வெளிவந்த மிடி என்ற பொதுத் தரத்தோடு உலகமெங்கும் பரவியது. இந்தக் கீபோர்டை யூஎஸ்பி வயரால் லேப்டாப்பில் இணைத்து, வரும் மிடிச் செய்திகளைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் திறந்துவைத்தால், ஒவ்வொரு அடிக்கும் அந்த எண் திரையில் ஓடும். செய்துபாருங்கள், கொஞ்சம் கர்வபங்கமாக இருக்கும். நாம் ஒரே சீராக வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம். திரையில் கட்டைவிரல் தொண்ணூறைத் தாண்டும், மோதிர விரல் ஐம்பதில் நொண்டும்.

தொடு உணர்வுக்கு இதில் மூன்று நிலைகள்: மெல்லத் தொட்டாலே உரக்க ஒலிக்கும் லேசான நிலை, இயல்பான நிலை, முற்றிலும் அணைத்த நிலை. சின்னப் பிள்ளைகளுக்கு லேசான நிலையை வைத்துக் கொடுக்கத் தோன்றும். கொடுக்காதீர்கள். இயல்பான நிலையிலேயே பழகட்டும். அணைத்து வைப்பதற்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. ஹார்மோனியத்தில் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தியின் காற்று, விரலின் வேகம் அல்ல. ஆர்கனும் அப்படியே. அந்த டோன்களில் வாசிக்கும்போது தொடு உணர்வை அணைத்துவிட்டால் நிஜக் கருவிக்குப் பக்கத்தில் வரும். பியானோவுக்கு முன்பு ஐரோப்பாவில் கோலோச்சிய ஹார்ப்சிகார்டும் தந்தியைச் சுண்டி ஒலிக்கும் கருவிதான். எப்படித் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். 1700ஐ ஒட்டி இத்தாலியின் ஃபிளாரன்ஸில் மெதிச்சி அரசவையில் வேலை பார்த்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி, சுண்டும் முள்ளுக்குப் பதில் சுத்தியலை வைத்தபிறகு விரலின் வேகம் இவ்வகைக் கருவிக்குள் நுழைந்தது. அவர் மரத்திலும் தோலிலும் செய்ததைத்தான் இந்த ரப்பர் பட்டை ஒப்பேற்றுகிறது.

இனி வாசிப்பு. எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை சரளி வரிசை. ஸ ரி க ம ப த நி ஸ, ஏறி இறங்கு. முதலில் ஸ்பீக்கரில் வாசித்தேன். இதிலுள்ள ஸ்பீக்கர்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 2 வாட். ஒரு படுக்கையறைக்குத் தாராளம். ஆனால் நம் வீடுகளில் மேலே ஃபேன் சுற்றும், கூடத்தில் சீரியல் ஓடும், தெருவில் ஹாரன் அடிக்கும். அந்த இரைச்சலுக்கு நடுவில் மெல்லத் தொட்ட சுரம் காணாமல் போகிறது. காணாமல் போனதும் கை தானாக என்ன செய்யும்? ஓங்கி அடிக்கும். அல்லது சத்தத்தைக் கூட்டிவைப்போம். உடனே பக்கத்து அறையிலிருந்து குரல் வரும். இரண்டு வழியிலும் முடிவு ஒன்றுதான்: எல்லாச் சுரத்தையும் ஒரே நடுத்தரச் சத்தத்தில் வாசித்துப் பழகிவிடுகிறோம். தொடு உணர்வுக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் அங்கேயே வீண்.

ஹெட்போனை மாட்டியதும் நிலைமை தலைகீழாகிறது. ஸ்பீக்கர் தானே அடங்கிவிடும், ஃபேன் சத்தம் பின்னுக்குப் போய்விடும். விரல் நுனியால் தடவுவதுபோலத் தொட்ட காந்தாரம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. கூடவே, மேலே சொன்ன அந்தக் கட்டைவிரலின் கத்தலும் மோதிர விரலின் முனகலும் ஒளிவுமறைவில்லாமல் கேட்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து திருத்தும் வாத்தியார் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல திருத்தம் கிடையாது. இடது கை கார்டு பிடிக்கும்போது வலது கையின் மெட்டை அமுக்கிவிடுகிறது என்பதை ஹெட்போனில்தான் முதலில் கவனித்தேன். இடது கையை இறக்கி வலது கையை ஏற்றி, இரண்டுக்கும் நடுவே ஒரு தூரத்தை உண்டாக்குவது தனிப் பயிற்சி. ஸ்பீக்கரை நம்பி அதைச் செய்யமுடியாது.

சரளியில் தேறியது ஜண்டையில் கொஞ்சம் தடுக்குகிறது. ஸஸ ரிரி கக மம என்று ஒரே கட்டையை இரண்டு முறை அடிக்கவேண்டும், இரண்டாவது சுரத்துக்கு அழுத்தம் கொடுக்கவேண்டும். அழுத்தம் கொடுப்பதில் குறையில்லை. தொடு உணர்வு இல்லாத கீபோர்டில் இந்த வரிசை உயிரில்லாமல் தட்டச்சுப் பயிற்சிபோல் போகும், இதில் ஜண்டை ஜண்டையாகவே கேட்கிறது. சிக்கல் வேகத்தில். இரண்டு தொடுப்பு மட்டும் உள்ள கட்டையில், மறுபடி ஒலிக்கவேண்டுமானால் கட்டை ஏறக்குறைய முழுவதும் மேலே வந்தாகவேண்டும். மூன்றாம் காலத்தில் விரல் அவசரப்பட்டால் இரண்டாவது ஸ விழுங்கப்படும். விலை கூடிய டிஜிட்டல் பியானோக்களில் மூன்றாவது தொடுப்பு ஒன்று இருக்கும். கட்டை பாதி எழுந்தாலே அடுத்த அடியை அது பிடித்துக்கொள்ளும். இதில் அது இல்லை. இந்த விலையில் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஒரே விரலால் அடிக்காமல் விரல் மாற்றி மாற்றி அடித்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

கமகத்துக்கு வருவோம். கீபோர்டில் கர்நாடக இசையா என்று முகம் சுளித்த காலம் உண்டு. கீபோர்டு சத்யா என்று அறியப்படும் கே. சத்தியநாராயணன் போன்றவர்கள் முழுக் கச்சேரியே செய்து அந்தச் சுளிப்பைக் குறைத்துவிட்டார்கள். சிடி-எஸ்300-இன் இடது ஓரத்தில் உள்ள சக்கரம் சுருதியை மேலும் கீழும் வளைக்கும். எவ்வளவு வளையவேண்டும் என்பதையும் மாற்றிவைத்துக்கொள்ளலாம். இடது கை சக்கரத்தில், வலது கை கட்டையில். தோடியின் காந்தாரத்தை ஆட்டிப்பார்க்க ஆசையிருந்தால் பழகலாம்; ஆனால் மாதக்கணக்கில் பழகவேண்டும். ஒரு தொல்லையும் உண்டு. ஒலித்துக்கொண்டிருக்கும் எல்லாச் சுரங்களையும் சக்கரம் சேர்த்தே வளைக்கும். ஸ-ப இரண்டையும் விரலால் பிடித்து ஆதார சுருதியாக வைத்துக்கொண்டு மேலே வளைத்தால் சுருதியும் கூடவே வளைந்து தலைசுற்றும்.

அதற்கு வழி இந்தக் கருவியிலேயே இருக்கிறது. பின்பக்கத்தில் வெளி ஒலியை உள்ளே வாங்கும் ஜாக் ஒன்று உண்டு. செல்போனில் தம்புரா ஆப்பை ஓடவிட்டு, இரண்டு முனையிலும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள ஒரு வயரால் அங்கே இணைத்துவிட்டால், தம்புராவும் கீபோர்டும் சேர்ந்து ஹெட்போனில் கேட்கும். சக்கரம் தம்புராவைத் தொடாது. ஆதார சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் வசதி ஒரு ஸ்தாயி மேலும் கீழும் போகும். ஐந்து கட்டையில் பாடுகிறவர் சுருதியை அங்கே வைத்துவிட்டு, விரலை ஒரு கட்டைக்குரிய இடத்திலேயே ஓட்டலாம். பாட்டு வாத்தியார்கள் பலர் இதை ஏமாற்று வேலை என்பார்கள். வீட்டுப் பயிற்சியில் ஏமாற்ற யார் இருக்கிறார்கள்?

இப்போது ஹெட்போன். கீபோர்டோடு அது வராது, தனியாக வாங்கவேண்டும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

கையில் ஏற்கெனவே இருக்கும் புளூடூத் இயர்பட்ஸ் இதற்கு உதவாது. இந்தக் கீபோர்டில் புளூடூத் இல்லை. தனியாக டிரான்ஸ்மிட்டர் வாங்கி மாட்டலாமே என்று சிலர் யோசிப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு, ஒரு தட்டுக்கு நாலு சுரம் என்றால் ஒரு சுரத்துக்கு 125 மில்லி விநாடி. சாதாரண புளூடூத் ஹெட்போன் ஒலியை 150 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதப்படுத்தும். அதாவது ஸ காதில் விழும் முன்பே விரல் ரியை அடித்து முடித்திருக்கும். படம் பார்க்கையில் இந்தத் தாமதத்தைச் சரிக்கட்ட போன் படத்தையும் பின்தள்ளிக் காட்டும். விரலைப் பின்தள்ள யாராலும் முடியாது. வயர் உள்ள ஹெட்போன்தான் வேண்டும். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

சிடி-எஸ்300-இல் உள்ளது செல்போனுக்கு மாட்டும் அதே 3.5 மில்லிமீட்டர் ஜாக். நல்ல விஷயம். யமஹாவின் பிஎஸ்ஆர்-ஈ373 போன்றவற்றில் தடித்த 6.3 மில்லிமீட்டர் ஜாக் இருக்கும். கன்வெர்ட்டர் பின் ஒன்று வாங்கவேண்டும், அது ஸ்டீரியோ பின்னாக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். மோனோ பின்னை மாட்டினால் ஒரு காதில் மட்டும் கேட்கும், கீபோர்டு கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவோம். மைக் வைத்த செல்போன் இயர்போனைச் செருகும்போது சில ஜாக்குகளில் ஒலி குகைக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்பதுண்டு. பின்னை முழுவதும் உள்ளே தள்ளிப்பாருங்கள், சரியாகவில்லையென்றால் மைக் இல்லாததை மாட்டுங்கள்.

காதுக்குள் செருகுவதைவிடக் காதை முழுவதும் மூடுகிற வகை எனக்குப் பிடித்திருக்கிறது. வெளி இரைச்சல் அடங்கினால் குறைந்த சத்தத்திலேயே வாசிக்கலாம். சென்னை வெயிலில் அரை மணியில் காது வியர்க்கும், கழற்றித் துடைத்துக்கொள்ளவேண்டியதுதான். பேஸைப் பெரிதாக்கிக் காட்டும் ஹெட்போன்களை மட்டும் தவிருங்கள். அவற்றில் இடது கை எப்போதும் உரக்கவே கேட்கும், மேலே சொன்ன இடது-வலது பயிற்சி பாழாகிவிடும்.

சத்தத்தின் அளவைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். பிள்ளைகள் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்வார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதுவே 90 ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தொடு உணர்வுள்ள கீபோர்டில் இது இன்னும் முக்கியம். மெல்லிய வாசிப்புக்கு ஏற்ப வால்யூமைத் தூக்கிவைத்துவிட்டு திடீரென்று ஓங்கி அடித்தால் காதில் அறை விழும். நான் செய்வது இது: முதலில் எவ்வளவு ஓங்கி அடிக்கமுடியுமோ அடித்து, அது காதுக்கு இதமாக இருக்கும் இடத்தில் வால்யூமை நிறுத்திவிடுவேன். மென்மை அதற்குக் கீழே தானாக அமையும். டெமோவை ஓடவிடும் முன் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள்.

ஹெட்போன் போட்டால் வீட்டாருக்கு நிம்மதி என்று நினைப்பது முக்கால் உண்மை. வாசிக்கிறவருக்கு இசை கேட்கும், மற்றவர்களுக்குக் கட்டை அடிபடும் டக் டக் சத்தம் கேட்கும். இது எல்லா பிளாஸ்டிக் கீபோர்டுக்கும் பொது. ராத்திரி பதினொரு மணிக்கு, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்க முயன்றால், அது பெரிய சத்தம். இரும்பு ஸ்டாண்டைத் தரையில் வைத்தால் கீழ்வீட்டுக்கும் அதிர்வு இறங்கும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடுவது பாதி குறைக்கும். மீதி பாதியை மெல்ல வாசிக்கப் பழகுவதுதான் குறைக்கும்.

குறைகளைச் சொல்கிறேன். கட்டைகள் ஸ்பிரிங்கில் எழுபவை, சுத்தியல் எடை கிடையாது. நிஜப் பியானோவில் ஒரு கட்டை இறங்கவே சுமார் 50 கிராம் எடை வேண்டும், அதற்குள் ஒரு மரப் பொறியின் அசைவு விரலுக்குத் தெரியும். இதில் பழகிய விரல் அங்கே போனால் முதலில் திணறும். கறுப்புக் கட்டைகளுக்கு நடுவில் விரலை நுழைத்து வெள்ளைக் கட்டையின் பின்பகுதியை அழுத்தும்போது கூடுதல் பலம் தேவைப்படுகிறது, அதனால் சுரம் சற்று மங்கி வருகிறது. ஓங்கி அடிக்கையில் சத்தம் கூடும் அளவுக்குத் தொனி மாறுவதாக என் காதுக்குத் தெரியவில்லை. நிஜத் தந்தியில் ஓங்கிய அடி கூர்மையும் பளபளப்பும் சேர்ந்து வரும். ஹெட்போனில் இந்தப் போதாமை இன்னும் அப்பட்டம். ஒரே நேரத்தில் 48 சுரங்கள் ஒலிக்கும் என்பது ஆரம்பப் பயிற்சிக்குப் போதும், பெடலை மிதித்தபடியே வேகமாக ஓடினால் பழைய சுரங்கள் நடுவில் அறுபடும். பெடலையும் தனியாகத்தான் வாங்கவேண்டும். யூஎஸ்பி வழியாக மிடி மட்டுமே போகும், ஒலி போகாது. அதுவும் பழைய மைக்ரோ வகை ஜாக். பாட்டை நேரடியாக லேப்டாப்பில் பதிவுசெய்ய நினைப்பவருக்கு இது இடைஞ்சல். நடனக் கூடத்து இசைக்கென்று ஒரு தனி முறை வைத்திருக்கிறார்கள். யாருக்கு என்று விளங்கவில்லை.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த ரப்பர் தொடுப்புகளில் தூசியும் ஈரமும் படிந்தால், ஒரு கட்டை மட்டும் ஒலிக்காமல் போகும், அல்லது மெல்லத் தொட்டாலும் அலறும். அலறுவது ஏன் என்றால், முதல் தொடுப்பு சரியாகப் படாமல் நேரக்கணக்கு குழம்பி, மிக வேகமான அடி என்று சிப் எடுத்துக்கொள்கிறது. எந்த நிறுவனத்துக் கீபோர்டிலும் வரக்கூடியது இது. நல்ல மெக்கானிக் திறந்து ரப்பர் பட்டையைத் துடைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். போர்டு போச்சு என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் மூடிவைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

போட்டிக்கு நிற்பவை எவை? பிஎஸ்ஆர்-ஈ373-இல் 622 டோன்கள், தொடு உணர்வுக்கு நான்கு நிலைகள், யூஎஸ்பி வழியாக ஒலியையும் அனுப்பும் வசதி என்று பட்டியல் நீளம். பியானோ டோனும் அதில் கொஞ்சம் செழுமை. சக்கரம் இல்லை, எடை 4.6 கிலோ. சினிமாப் பாட்டும் மேற்கத்திய இசையும் வாசிப்பவருக்கு அதுதான் பொருத்தம். இந்திய இசைக்கென்றே யமஹா செய்த பிஎஸ்ஆர்-ஐ500-இல் தம்புராவும் தாளமும் உள்ளேயே உண்டு. கர்நாடகப் பயிற்சிக்குத்தான் முதலிடம் என்றால் அதையும் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிள்ளையை டிரினிட்டி பியானோ கிரேடு தேர்வுக்கு அனுப்பும் எண்ணம் உறுதியாக இருந்தால் இவை எதுவுமே வேண்டாம். 88 கட்டையும் சுத்தியல் எடையும் உள்ள யமஹா பி-45 போன்ற ஒன்றுக்குப் பணம் சேருங்கள். அது 11.5 கிலோ, கட்டில்மேல் வைத்து வாசிக்கும் சுகம் போய்விடும்.

சிடி-எஸ்300 யாருக்கு? முதல்முறை கீபோர்டு தொடும் பிள்ளைக்கு. நாற்பது வயதுக்குமேல் ஆசை வந்து, ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரியில் வாசிக்க நினைப்பவருக்கு. சின்ன ஃபிளாட்டில் இருப்பவருக்கு. ஊர்ஊராகத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய பாட்டு வாத்தியாருக்கும் பஜனைக் குழுவுக்கும்கூட. அதே ஹெட்போன் ஜாக்கிலிருந்து வயர் இழுத்து மண்டப ஆம்ப்ளிஃபையரில் சேர்த்துவிடலாம். மேடைக் கலைஞருக்கும் பியானோவில் ஊறியவருக்கும் இது ஒத்துவராது.

விலை கடைக்குக் கடை, பண்டிகைக்குப் பண்டிகை மாறுவதால் இங்கே எழுதவில்லை. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ஸ்டாண்டை அப்புறம் வாங்குங்கள், பையை அப்புறம் வாங்குங்கள், வயர் ஹெட்போனை மட்டும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். கடைக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் ஏதாவது ஒரு வயர் ஹெட்போனைக் கையோடு எடுத்துப் போங்கள். டெமோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, பியானோ டோனில் நடு ஸ்தாயி ஸ ஒன்றையே, கேட்டும் கேட்காததுமாகத் தொடங்கி உரக்க அடிக்கும்வரை படிப்படியாக ஏற்றுங்கள். படிகள் காதில் தெளிவாக விழுந்தால் வாங்கலாம். இரண்டே படிதான் கேட்கிறது என்றால் அது எந்தப் பெயர் போட்ட பெட்டியாக இருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.